ரியூனியன் தீவில் ஏழு நாள்: பாறை பார்க்கப் போகிறவன் எங்கே தொடங்குவது?

சஹ்யாத்ரி நடையன்:

வணக்கம். புனேயில் பதினொரு வருடமாக இருக்கிறேன், பிழைப்பு கணக்குத் தணிக்கை, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் பாறை. முறையாகப் படித்தவன் இல்லை. காட் சாலை வெட்டுகளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும் லாவா அடுக்குகள், நடுவில் ஓடும் செம்மண் பட்டை, குழிகளுக்குள் வெள்ளையாகப் பூத்திருக்கும் ஜியோலைட் என்ற கனிமப் படிகம் இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளையும் கெடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தத் தக்காண அடுக்குகளைக் கக்கிய அந்தக் குழாய் இன்னும் அணையவில்லை, இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் தீவுக்குக் கீழே இப்போதும் எரிகிறது என்று படித்ததிலிருந்து ஒரே நமைச்சல். 6.6 கோடி ஆண்டுக்கு முன் நடந்ததன் மிச்சத்தைத்தான் வாராவாரம் ஏறி இறங்குகிறோம், அடுப்பையே ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமே என்று. டிக்கெட், விசா எல்லாம் ஆகிவிட்டது. ஆகஸ்ட் மாதம், ஏழு நாள், நானும் மகளும் மட்டும்.

சுற்றுலாப் பக்கங்களில் ஹெலிகாப்டரும் அருவியும்தான் வருகிறது. பாறை பார்க்க வேண்டும் என்றால் எந்த இடம், எந்த வரிசை? பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையின் உச்சிக்கு ஏறுவதா வேண்டாமா? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முடியுமா? யாராவது போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கூழாங்கல்:

நான் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. எல்லாரும் போய் இறங்கிய மறுநாளே எரிமலைக்கு ஓடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் தொடங்குங்கள். சாந்த் ரோஸிலிருந்து சான் ஃபிலிப் வரை போகும் கடலோரச் சாலையில் கிரான் ப்ரூலே என்று ஒரு சரிவு வரும். எரிமலையின் கிழக்கு வாசல் மாதிரி, கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும். மேலே வெடித்தால் லாவா பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இறங்கும், சில தடவை சாலையை வெட்டிக்கொண்டு கடலுக்கே போய்விடும். ஒவ்வொரு லாவா ஓட்டத்துக்கும் சாலையோரம் ஆண்டு போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். 1976, 2004, 2007 என்று வண்டியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். உங்களுக்கு இதுதான் முதல் பாடப் புத்தகம்.

பலகை ஆண்டை மூடிக்கொண்டு, மேலே என்ன முளைத்திருக்கிறது என்பதை வைத்தே வயதைச் சொல்லச் சொல்லுங்கள் மகளை. புது லாவா கருகரு. சில வருடத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு பாசி படரும், கிட்டப்போய்ப் பார்த்தால் குட்டிப் பவளம் மாதிரி கிளை கிளையாக இருக்கும், லைக்கன்தான் அது. தூரத்திலிருந்து பார்த்தால் கரும்பாறைக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி தெரியும். அப்புறம் விரிசலுக்குள் பெரணி. அப்புறம் ஒல்லிக்குச்சியாக மரங்கள். அங்கே மழை கொட்டுகிற வேகத்துக்கு நூறு வருடத்தில் காடே வந்துவிடும்.

2007 லாவா ஓட்டத்தில் மட்டும் குறைந்தது ஒரு மணி நேரம் செலவழியுங்கள். அந்த ஏப்ரலில் இறங்கிய லாவா த்ராம்ப்லே பக்கம் சாலையை மூடிக் கடலில் போய் விழுந்தது. அதே நாட்களில் மேலே உச்சியில் தொலோமியூ பள்ளம் 300 மீட்டருக்கு மேல் அப்படியே உள்ளே இறங்கியது. கீழே பானை காலியானால் மூடி உள்ளே விழுமே, அதே கதை. கடலில் லாவா விழுந்தபோது ஆழ்கடல் மீன்கள் செத்து மேலே மிதந்தன, அதுவரை அறிவியலுக்கே தெரியாத இனங்கள் சிலவும் அதில் இருந்தன. நான் போனது வெடித்துப் பல வருடம் கழித்து. அப்போதும் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் அந்தக் கறுப்பு வெளியெங்கும் இட்லிப்பானையைத் திறந்த மாதிரி ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே அவ்வளவு சூடு மிச்சம்.

இந்த 2007 கல்லில் பச்சைப் பச்சையாக ஆலிவின் என்ற கனிமத்தின் மணிகள் கொட்டிக் கிடக்கும். கைலென்ஸ் கட்டாயம் கொண்டு போங்கள், பத்து மடங்கு போதும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கல்லைத் திருப்பிப் பார்த்தால் பச்சைக் கற்கண்டு பதித்த மாதிரி மின்னும். உங்கள் தக்காணக் கல்லில் இப்படி ஆலிவின் அவ்வளவாகக் கண்ணில் படாது, அதனால் மகளுக்கு இது புதிதாக இருக்கும்.

அதே சாலையில் சாந்த் ரோஸ் பக்கம் ஒரு தேவாலயம். 1977 ஏப்ரலில் லாவா ஊருக்குள் வந்து, தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டது. பக்தி உள்ளவர்களுக்கு அது அற்புதம். நமக்கும் அற்புதம்தான், லாவாவின் நுனி எப்படிக் குளிர்ந்து தடித்து நிற்கும் என்பதைச் சுவரோடு ஒட்டி நின்று பார்க்க வேறு எங்கே கிடைக்கும். தெற்கே போனால் சான் ஃபிலிப் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் புவாந்த் தெ லா தாப்ல். 1986 மார்ச்சில் லாவா கடலுக்குள் போய் உண்டாக்கிய புது நிலம், என்னைவிட வயதில் சின்ன நிலம். வழவழப்பான லாவா, கயிறு முறுக்கிப் போட்ட மாதிரி மடிப்பு மடிப்பாக. ஹவாய்க்காரர்கள் பாஹோய்ஹோய் என்பது இதைத்தான். கரடுமுரடான ஆ ஆ வகைக்கு அங்கே ஊர்மொழியான கிரியோலில் கிராத்தோன் என்கிறார்கள். சட்டி அடியில் தீய்ந்து பிடித்ததைச் சுரண்டி எடுப்போமே, அந்த மாதிரி ஓர் அர்த்தம்.

உச்சி விஷயம். பூர் முரா ஊரிலிருந்து ஏறும் சாலை பிளேன் தே சாப்ல் என்ற செம்பழுப்பு வெளிக்குள் இறங்கும்போது வண்டியில் யாரும் பேச மாட்டார்கள், அந்த மாதிரி இடம். அங்கிருந்து மண்பாதையில் போனால் பெல்கோம்ப், 2,311 மீட்டர். கீழே பெரிய வளையமாக ஆன்க்லோ பள்ளம், நடுவில் 2,632 மீட்டர் உயரத்தில் கூம்பு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி லாவா மேலே வெள்ளைப் புள்ளி வைத்த வழியில் நடந்து தொலோமியூ விளிம்புக்குப் போய்த் திரும்ப ஐந்து ஆறு மணி நேரம். நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, கடைசியில் களைத்த காலோடு அந்தப் படிகளைத் திரும்ப ஏற வேண்டும். ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும். என்னைக் கேட்டால் சிறுபிள்ளையோடு உச்சி வேண்டாம். படி இறங்கியதும் கால் மணி நேரத்தில் வரும் ஃபோர்மிகா லியோ கூம்பு போதும். 1753இல் உண்டான சின்னச் செங்கூம்பு, அடுத்தடுத்து இரண்டு வாய். பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா, நம் ஊர்க் குழியானை! மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, அதேதான். பார்த்ததும் உங்களுக்கே புரியும்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. நான் முதல் தடவை போனபோது அடி தேய்ந்த ஒரு பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு போனேன். கிராத்தோன் மேல் முக்கால் மணி நேரத்தில் இடது கால் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது, கேமரா வாரால் கட்டிக்கொண்டு நொண்டி வந்தேன். விழுந்தால் கையை ஊன்றுவோம் இல்லையா, உள்ளங்கை கிழிந்துவிடும். சைக்கிள் கையுறை ஒரு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள்.

தட்டு நகர்வு:

கூழாங்கல் எழுதியது அருமை. ஆனால் கேள்வியில் இருக்கும் "அதே குழாய்" என்பதை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறேன், மன்னிக்கவும், பழக்கதோஷம்.

குழாய் என்று ஒன்று அப்படியே நிற்கவில்லை. பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டிலில் ஆழத்திலிருந்து சூடான பொருள் மேலே வருகிறது (அந்த இடத்தைத்தான் வெப்பப்புள்ளி என்பது), மேலே பூமியின் ஓட்டுத் தட்டுகள் நகர்கின்றன என்பதுதான் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். இந்தியத் தட்டு வடக்கே ஓட ஓட, அதன் முதுகில் தழும்பு மாதிரி ஒரு வரிசை விழுந்தது. முதலில் தக்காணம், அப்புறம் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ். மாலத்தீவில் நாம் பார்ப்பது பவளம், அடியில் இருப்பது அணைந்துபோன எரிமலை. நடுவில் ஒரு திருப்பம்: கடல்நடு முகடு, அதாவது இரண்டு தட்டுகள் பிரிகிற கடலடி மலைத்தொடர், இந்த வெப்பப்புள்ளிக்கு மேலேயே நகர்ந்து வந்து கடந்துபோனது. அதனால் தடம் இரண்டாக வெட்டுப்பட்டுவிட்டது. சாகோஸ் வரை இந்தியத் தட்டுப் பக்கம், மஸ்கரீன் மேடு, மொரீசியஸ், ரியூனியன் எல்லாம் ஆப்பிரிக்கப் பக்கம். வரைபடத்தை விரித்து விரலால் தொட்டுக்கொண்டு போனால் தொடர்ச்சி ஓர் இடத்தில் அறுந்து தள்ளி விழுந்திருப்பது தெரியும்.

இன்னொன்று, அளவு. தக்காணம் இன்றைக்கு மிச்சம் இருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். ரியூனியன் மொத்தம் 2,512. அடுப்பைப் பார்க்கப் போகிறீர்கள், சரி, ஆனால் ஊர்ப்பந்திக்கு மூட்டிய அடுப்பில் இப்போது பால் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உச்சி பற்றிக் கூழாங்கல் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சஹ்யாத்ரி கோட்டைகள் ஏறுகிற பெண்ணுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. விடிகிற நேரத்தில் படி இறங்கத் தொடங்கினால் போதும். ஆனால் கிளம்பும் முன் எரிமலை ஆய்வகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். பூர் முராவில் இருக்கும் அந்த ஆய்வகம் 1979–80 வாக்கில் தொடங்கியது, நில அதிர்வு, நிலம் வீங்குவது, வாயு எல்லாவற்றையும் கண்காணிக்கிறார்கள். அதிர்வு கூடினால் அரசு ஆன்க்லோ வாசல் கதவை மூடிவிடும். மூடினால் மூடியதுதான், குதித்துப் போகிறவர்கள் உண்டு, நீங்கள் அதில் சேர வேண்டாம்.

கூழாங்கல்:

கோட்டை ஏறுவதும் லாவா மேல் நடப்பதும் ஒன்றில்லை ஐயா. சரி விடுங்கள், அவர் முடிவு.

மறந்ததைச் சொல்லிவிடுகிறேன். எரிமலை என்றாலே எல்லாரும் ஃபூர்னேஸைத்தான் பார்க்கிறார்கள், தீவின் பாதிக்கு மேல் இன்னொரு எரிமலை, செத்துப்போனது. பித்தோன் தே நேஜ், 3,070 மீட்டர். அதன் மூன்று பக்கமும் பள்ளமாகக் குடைந்து கிடப்பவைதான் மஃபாத், சிலாவோஸ், சலாசி. மழையும் மலைச்சரிவும் சேர்ந்து ஓர் எரிமலையின் வயிற்றைக் கிழித்துக் காட்டியிருக்கின்றன. மழை என்றால் சும்மா இல்லை, 1980 ஜனவரியில் ஒரு புயலின்போது மலைமேல் 15 நாளில் 6,083 மில்லிமீட்டர் பெய்தது. சென்னைக்கு நாலைந்து வருடத்து மழை.

மைதோ விளிம்பில் காலை ஏழு மணிக்கு நில்லுங்கள். கீழே மஃபாத், சாலையே கிடையாது, ஊர்க்காரர்கள் நடந்துதான் போகிறார்கள், சாமான் ஹெலிகாப்டரில் வருகிறது. எதிர்ச் சுவரில் உங்கள் காட் சாலை வெட்டு மாதிரியே அடுக்கு அடுக்காக லாவா, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏறும் டைக்குகள். லாவா மேலே வந்த விரிசல்கள் அவை, சுற்றுக்கல் தேய்ந்த பிறகு சுவர் மாதிரி நிற்கும்.

நடக்க முடியாவிட்டாலும் கவலையில்லை, மலை உங்களிடம் வரும். மஃபாத்திலிருந்து இறங்கும் ரிவியேர் தே கலே ஆற்றுப்படுகைக்கு ஒரு காலைப்பொழுது போங்கள். பெயரே கூழாங்கல் ஆறு என்றுதான், என் புனைபெயர் அங்கிருந்து வந்தது. மேலே ஆயிரம் மீட்டர் சுவரில் எட்டாத பாறை எல்லாம் அங்கே காலடியில் உருண்டு கிடக்கும். அதில் வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்புக்கல் ஒன்று இருக்கும், பெரிய பெரிய ஃபெல்ட்ஸ்பார் கனிமப் படிகம். ஊர்க்காரர்கள் அதைக் கினிக்கோழிக் கல் என்கிறார்கள், கோழி இறகு மாதிரி புள்ளி இருப்பதால். புனே பக்கமும் பெரிய ஃபெல்ட்ஸ்பார் படிகம் போட்ட பசால்ட், அதாவது லாவா இறுகிய கருங்கல், உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டையும் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லை எடுத்து வராதீர்கள், தேசியப் பூங்காவின் மையப் பகுதிக்குள் கல் எடுப்பது குற்றம், வெளியில் கிடைத்தாலும் அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு. சந்தையில் பிப்பங்காய் என்று ஒன்று விற்பார்கள், வாங்கிப் பாருங்கள், பீர்க்கங்காய். முருங்கைக் கீரைக்குப் பெயர் ப்ரேத் முருங். காரைக்காலிலும் பாண்டிச்சேரியிலும் கப்பல் ஏறிக் கரும்புக் காட்டுக்குப் போனவர்களின் வாயில் தங்கிய சொற்கள். கொள்ளுப்பேரன்களுக்குத் தமிழ் தெரியாது, சொல் மட்டும் சந்தையில் இருக்கிறது. சான் ஆந்த்ரே வழியாகப் போனால் கோயிலைப் பாருங்கள்.

குரேப்பிப்வாசி:

மொரீசியஸில் வேலையில் இருக்கிறேன். மும்பையிலிருந்து இந்த வழியாகத்தான் வருவீர்கள் என்றால் ஒரு நாள் இங்கே இறங்குங்கள். இந்தத் தீவுக்கு வயது 80, 90 லட்சம் ஆண்டு, ரியூனியன் கடலுக்கு மேல் தலை காட்டி 20 லட்சம்தான் ஆகிறது. அக்காவும் தங்கையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரேப்பிப் ஊர் நடுவிலேயே த்ரூ ஓ செர்ஃப் என்று ஒரு எரிமலை வாய் இருக்கிறது, காலையில் நாங்கள் அதைச் சுற்றித்தான் நடக்கிறோம், சர்க்கரை நோயாளிகள் பாதிப் பேர். ஷமரேல் ஏழுநிற மண்ணுக்குக் கூட்டம் அலைமோதும், பசால்ட் மக்கி இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சிய மண் அது, அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

ஒரு வினோதம் சொல்கிறேன். இங்கே 60 லட்சம் ஆண்டு வயதுள்ள ஒரு பாறைக்குள் 300 கோடி ஆண்டு பழைய ஜிர்கான் என்ற கனிமத்தின் மணிகளை எடுத்தார்கள், 2017இல் கட்டுரை வந்தது. பேரன் பையில் எள்ளுத்தாத்தா பல்செட் கிடைத்த மாதிரி. அடியில் ஒரு பழைய கண்டத்துண்டு புதைந்திருக்கிறது, லாவா மேலே வரும்போது சுரண்டிக்கொண்டு வந்தது என்கிறார்கள். மகளிடம் சொல்லுங்கள், பிடிக்கும்.

சஹ்யாத்ரி நடையன்:

எல்லாருக்கும் நன்றி. போய் வந்து இரண்டு வாரம் ஆகிறது, கடன் தீர்க்கிறேன்.

கிழக்குக் கரையில் தொடங்கியது சரியான முடிவு. பலகையை மூடி வயது சொல்லும் விளையாட்டில் மகள் ஐந்தில் நான்கு, நான் இரண்டு. 1976ஐ நான் இருநூறு வருடம் என்றேன், இன்னும் சிரிக்கிறாள். 2007 கல்லில் லென்ஸை வைத்துக் குனிந்தவள் இருபது நிமிடம் நிமிரவில்லை, முதுகில் மழை விழுந்தும்.

உச்சிச் சண்டையில் இருவருமே ஜெயித்தீர்கள். ஐந்தே முக்காலுக்குப் படி இறங்கத் தொடங்கினோம், தட்டு நகர்வு சொன்ன மாதிரி. கைவிரல் மரத்துப்போகிற குளிர். குழியானைக் கூம்பு வரை பளிச்சென்று இருந்தது, அதற்கப்புறம் ஒரு மணி நேரத்தில் மேகம் வந்து அடுத்த வெள்ளைப் புள்ளியே தெரியவில்லை. திரும்பிவிட்டோம். அவளுக்குக் கோபம், எனக்கு முட்டி வலி, வெளியில் சொல்லவில்லை. கையுறை காப்பாற்றியது, இரண்டு தடவை.

மைதோ நன்றாக இருந்தது. எத்தான் சலே கடற்கரையின் கறுப்பு மணலில் குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்தை வைத்து இழுத்து மீசை மீசையாக மணல் ஒட்டுவதை அவள் எல்லாக் குழந்தைகளுக்கும் காட்டிக்கொண்டிருந்தாள், பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாமல்.

ஆனால் ஏழு நாளில் அவளுக்கு எது என்று கேட்டால் கூழாங்கல் ஆறுதான். கினிக்கோழிக் கல் கிடைத்தது. அதைவிட, கறுத்த ஒரு கல், ஆட்டாங்கல் குழவி அளவு, உடைந்த பக்கத்தில் பொத்தல் பொத்தலாக, ஒவ்வொரு பொத்தலிலும் வெள்ளை ஊசிகள் விசிறி மாதிரி. எடுத்துப் பார்த்தவள், "அப்பா, இது நம்ம வீட்டு மொட்டைமாடியில இருக்கிற கல்லுப்பா" என்றாள். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது, பக்கத்தில் வைத்தால் எனக்கே மாறிப்போகும். வரைந்துகொண்டாள், கல்லை இருந்த இடத்திலேயே வைத்தோம், கொஞ்சம் நேரம் ஆனது வைக்க. அது என்ன ஜியோலைட் என்று யாராவது சொல்ல முடியுமா? படம் இரண்டு இணைத்திருக்கிறேன்.

தட்டு நகர்வு:

ஊசி விசிறி என்றால் நேட்ரோலைட்டாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இந்தப் படம் போதாது, ஒன்றில் கேமரா ஃபோகஸ் கல்லில் இல்லை, இன்னொன்றில் பாதி உங்கள் கட்டைவிரல். மகள் வரைந்ததைப் போடுங்கள்.